ஒரு நாட்டின் சுற்றுலாக் கொள்கையைப் பிராந்திய ஒன்றியத்தோடு பொருத்துவது எப்படி: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டப்பின்படிப்புக்கு ஆய்வு எழுதுகிறவர்கள், மாகாண நிர்வாகத்தில் இருக்கிற உத்தியோகத்தர்கள், திட்ட அறிக்கை எழுதும் தொண்டு நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். "நமது சுற்றுலாக் கொள்கையை இன்ன ஒன்றியத்தின் கொள்கையோடு பொருத்திப் பார்க்கவும்" என்ற வேலை இவர்களில் யாருடைய மேசைக்கும் ஒருநாள் வரும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு வாசிப்புக் குழுவோடு இந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறினார்கள். ஒன்றியத்தின் சுற்றுலா உத்தி அறிக்கையை ஒரு கையிலும், நமது அமைச்சின் உத்தி அறிக்கையை மறு கையிலும் எடுத்தார்கள். இரண்டிலும் "நிலைபேறான" என்ற சொல் இருந்தது. "பொருந்துகிறது" என்று எழுதினார்கள். உத்தி அறிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது சட்டம். அந்தச் சட்டமோ பெரும்பாலும் சுற்றுலா என்ற பெயரிலேயே இருக்காது.

அளவுகோலாக ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்திருக்கிறேன். இலங்கை அதில் சேரப்போவதில்லை. ஆனாலும் அதன் சட்டங்கள் இலக்கமிட்டு, இலவசமாக, விரிவாகக் கிடைக்கின்றன. முறையை அங்கே பழகினால் எந்த ஒன்றியத்துக்கும் கை வரும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நமது சட்டங்களின் முழு வாசகம் வேண்டும். சுருக்கமோ பத்திரிகைச் செய்தியோ போதாது. ஒன்றியச் சட்டங்களுக்கு அதன் அதிகாரபூர்வ இணையத் தளமான யூர்-லெக்ஸ் (EUR-Lex) போதும். ஒரு எக்செல் தாள், சட்டம் படித்த ஒருவரின் இரண்டு நாள் நேரம், விடுதி நடத்துகிற ஒருவர், வாகனத்தோடு பயண ஏற்பாடு செய்கிற ஒருவர், படகுக்காரர் ஒருவர். இவர்களோடு கதைக்க முடியாவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள். ஏன் என்பது 9ஆம் படியில் தெரியும்.

1. முதலில் உறவைத் தீர்மானியுங்கள்

உங்கள் நாடு அந்த ஒன்றியத்தின் அங்கத்துவ நாடா, சேரக் காத்திருக்கும் நாடா, ஒரு விடயத்தில் மட்டும் உடன்படிக்கை செய்த நாடா, வெறும் வர்த்தகப் பங்காளியா? இதை முதல் வரியில் எழுதுங்கள். "பொருத்துதல்" என்ற சொல்லின் கனம் இதைப் பொறுத்தே மாறும். அங்கத்துவ நாட்டுக்கு அது கடமை. காத்திருக்கும் நாட்டுக்கு நிபந்தனை. மற்றவர்களுக்கு விருப்பம்.

சார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் தொடங்கியது. அதன் சாசனத்தின் 10ஆம் உறுப்புரை எல்லா முடிவும் ஏகமனதாக இருக்க வேண்டும் என்கிறது, சர்ச்சைக்குரிய இருதரப்பு விடயங்களைப் பேசுவதையும் விலக்குகிறது. கடைசி உச்சிமாநாடு 2014இல் காத்மண்டுவில் நடந்தது. 1992இன் விசா விலக்குத் திட்டம்கூட 24 வகைப்பட்ட ஆட்களுக்கானது. சாதாரணச் சுற்றுலாப் பயணி அதில் இல்லை. ஆக, சார்க்கோடு ஒப்பிடச் சொன்னால் சட்டத்தோடு சட்டத்தை வைத்துப் பார்க்க அங்கே அதிகம் இல்லை. அதையே கண்டறிதலாக எழுதுங்கள். பக்கத்தை நிரப்புவதற்காக இல்லாததைத் தேடாதீர்கள்.

ஒரே ஒன்றியத்துக்குள்ளும் எல்லோரும் எல்லாவற்றிலும் சேர்வதில்லை. கிழக்கு ஆபிரிக்க சமூகத்தில் கென்யா, ருவாண்டா, உகண்டா மூன்றும்தான் 2014இல் பொதுச் சுற்றுலா விசாவைத் தொடங்கின. தன்சானியா அங்கத்துவ நாடாக இருந்தும் அதில் சேரவில்லை. எந்தத் திட்டத்தில் யார் என்பதைத் தனித்தனியாகப் பாருங்கள்.

2. ஒன்றியத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்று பாருங்கள்

சட்டங்களைத் தேடப்போகுமுன் உடன்படிக்கையைத் திறக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்பாடு பற்றிய உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை சுற்றுலாவை "துணைசெய்யும்" அதிகாரங்களோடு வைக்கிறது. 195ஆம் உறுப்புரை இன்னும் தெளிவானது: அங்கத்துவ நாடுகளின் செயலுக்கு ஒன்றியம் கைகொடுக்கலாம், ஆனால் இந்த உறுப்புரையைக் கொண்டு அவற்றின் சட்டங்களை ஒரே மாதிரியாக்கக் கூடாது. 2009 டிசம்பர் 1இலிருந்து இதுதான் நிலை.

சேரவரும் நாடுகளோடு பேசும் 35 அத்தியாயங்களிலும் சுற்றுலா என்று ஒன்று கிடையாது. குழுவில் இதைச் சொன்னபோது ஒருவர், "அப்ப என்னத்தைப் பொருத்துறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அடுத்த படி முழுக்க அதற்கான பதில்தான்.

"ஐரோப்பிய ஒன்றியத்தின் சுற்றுலாச் சட்டத்தின்படி" என்று ஒரு வசனம் உங்கள் வரைவில் இருந்தால் அழித்துவிடுங்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை.

3. ஒரு பயணியின் பின்னால் நடவுங்கள்

அமைச்சின் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு ஓர் ஆளைப் பிடியுங்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஒரு பெண் யாழ்ப்பாணம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தொடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சட்டம் இருக்கிறது.

அவர் அங்கே ஒரு முகவரிடம் அறையும் வாகனமும் சேர்த்துப் பதிவு செய்கிறார். இது 2015/2302 பொதிப் பயணப் பணிப்புரை (பணிப்புரை, ஒழுங்குவிதி இரண்டுக்கும் வேறுபாடு 4ஆம் படியில்). நம் பக்கம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும், 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டமும்.

பெயர், கடவுச்சீட்டு இலக்கம், உணவு விருப்பம் எல்லாம் கொடுக்கிறார். அது 2016/679 தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி. ஒன்றியத்துக்குள் இருப்பவர்களைக் குறிவைத்துச் சேவை விற்கும் வெளிநாட்டு நிறுவனத்தையும் அது தொடும். நம்மிடம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

விசா எடுக்கிறார். நம் பக்கம் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம். ஒன்றியத்தின் பக்கம் 2018/1806 ஒழுங்குவிதி. எந்த நாட்டவருக்கு விசா தேவை என்ற பட்டியல் அதில் இருக்கிறது. சேரக் காத்திருக்கும் நாடு தன் விசாப் பட்டியலையும் அதற்கு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். 2022இல் செர்பியா புருண்டி, துனீசியா நாட்டவருக்கு இருந்த விசா விலக்கை நிறுத்தியது இதனால்தான். அங்கே சுற்றுலா வருமானம் பேசவில்லை, எல்லைக் கொள்கை பேசியது. சுற்றுலா அமைச்சின் அறிக்கையை மட்டும் படித்தவருக்கு இது கண்ணிலேயே படாது.

சென்னையிலிருந்து பலாலியில் இறங்கி, நல்லூரடியில் ஒரு வீட்டில் தங்குகிறார். குறுகியகால வாடகைத் தங்குமிடம் பற்றிய 2024/1028 ஒழுங்குவிதி இங்கே வருகிறது. இது பதிவை எல்லா நாட்டின் மீதும் திணிக்கவில்லை. ஒரு நாடு பதிவு முறை வைத்திருந்தால் அது எப்படி இருக்க வேண்டும், இணையத் தளங்கள் தரவை எப்படிக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. நுணுக்கமான வேறுபாடு. எங்கள் குழுவில் பலர் இதைத் தவறவிட்டார்கள்.

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு போகிறார். கடல்வழிப் பயணிகளின் உரிமை பற்றிய 1177/2010 ஒழுங்குவிதியை உடனே எழுதிவிடாதீர்கள். 12 பேர் வரை ஏற்ற அனுமதி பெற்ற கலங்களும் சுற்றிப்பார்க்கும் உலாப் படகுகளும் அதற்கு வெளியே. நெடுந்தீவுக்கு ஊர்ச்சனம் போகும் படகு ஒன்று, பயணிகளை ஏற்றிக்கொண்டு தீவைச் சுற்றும் சிறு படகு இன்னொன்று. இரண்டையும் ஒரே வரியில் போடக்கூடாது.

காரைநகர் கசூரினா கடற்கரையில் குளிக்கிறார். 2006/7 குளியல்நீர்ப் பணிப்புரை. வழிகாட்டி ஒருவரைக் கூட்டிப்போகிறார். 2005/36 தொழில்தகைமைப் பணிப்புரை.

இப்படி நடந்தால் ஒரு பிற்பகலில் ஏழெட்டுச் சட்டத்துறைகள் கிடைத்துவிடும். உத்தி அறிக்கையை ஒரு மாதம் படித்தாலும் இந்தப் பட்டியல் வராது.

4. கட்டுப்படுத்துவது எது, விரும்பினால் எடுப்பது எது

கிடைத்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் வகையை எழுதுங்கள். ஒழுங்குவிதி அங்கத்துவ நாட்டில் நேரடியாகவே சட்டம். பணிப்புரை அடைய வேண்டிய பலனைச் சொல்லும், நாடு தன் சட்டத்தில் அதை எழுதிக்கொள்ள வேண்டும். பரிந்துரை யாரையும் கட்டாது.

அடையாளம் காண ஒரு சுலப வழி: யூர்-லெக்ஸ் ஒவ்வொரு ஆவணத்துக்கும் கொடுக்கும் செலெக்ஸ் (CELEX) இலக்கத்தில் ஆண்டுக்குப் பின்னால் வரும் எழுத்து எல் (L) என்றால் பணிப்புரை, ஆர் (R) என்றால் ஒழுங்குவிதி.

நீலக் கொடி கடற்கரைச் சான்றிதழையும் ஹோட்டல் நட்சத்திரங்களையும் ஒன்றியச் சட்டம் என்று எழுதுவது மிகவும் பரவலான பிழை. நீலக் கொடியை ஓர் அரசசார்பற்ற அமைப்பு கொடுக்கிறது. பல ஐரோப்பிய நாடுகள் ஒரே மாதிரி நட்சத்திரம் வழங்குவது ஹோட்டல் சங்கங்கள் தங்களுக்குள் செய்த ஏற்பாடு. நல்ல விடயங்கள்தான், ஆனால் வேறு தாளில் போடுங்கள்.

5. நமது பக்கத்தை அடுக்குங்கள்

சட்டம், வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகள், சுற்றுநிருபங்கள், மாநகர சபை, பிரதேச சபை உபவிதிகள். இந்த வரிசையில் அடுக்குங்கள். மேலே இருப்பதை மட்டும் படித்தால் நடைமுறை தெரியாது. நல்லூரில் ஒரு விடுதி திறப்பவரைக் கேளுங்கள், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைப் பதிவைவிட உள்ளூராட்சி அனுமதிக்கு அலைந்ததைத்தான் முதலில் சொல்வார்.

மாகாண சபை தேர்தலில் தெரிவானோர் இல்லாமல் இருந்தாலும் அதன் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. வடக்கில் 2013இல் தெரிவான சபையின் காலம் 2018இல் முடிந்தது. "சபை இல்லை, ஆகவே மாகாணத்தை விட்டுவிடலாம்" என்று எழுதினால் நாளைக்குச் சபை வந்ததும் உங்கள் அறிக்கை உதவாது.

6. எண்ணும் முறையைச் சரிசெய்யுங்கள்

அட்டவணைக்குப் போகுமுன் சொற்களின் வரைவிலக்கணம் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் இரண்டு நாட்டு எண்களைப் பக்கத்தில் வைப்பதில் பொருளில்லை.

சுற்றுலாப் புள்ளிவிபரம் பற்றிய 692/2011 ஒழுங்குவிதி படுக்கைகளையும் எண்ணுகிறது. நம்மிடம் அறைகளை எண்ணிப் பேசுவதே வழக்கம். அதோடு, ஹோட்டல்களிலும் விடுமுறைத் தங்குமிடங்களிலும் 10 படுக்கைக்குக் குறைவானவற்றை நாடுகள் கணக்கில் விடலாம் என்று அது இடம் கொடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் அந்த எல்லையை அப்படியே எடுத்தால் நான்கு அறை வைத்திருக்கும் எத்தனையோ வீடுகள் கணக்கிலிருந்து மறைந்துவிடும். பொருத்துகிறேன் என்று போய் ஊரைத் தொலைக்கக் கூடாது. எல்லையை நாமே கீழே வைத்துக்கொள்ளலாம், சட்டம் தடுக்கவில்லை.

அப்புறம் நமது புலம்பெயர்ந்த உறவுகள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் தமக்கை வீட்டில் தங்கும் ஒருவர் பாரிஸில் வசிக்கிறார் என்றால், அவர் சர்வதேச வரைவிலக்கணப்படி பயணிதான். எங்கே வசிக்கிறார் என்பதே கேள்வி, எங்கே பிறந்தார் என்பதல்ல. எல்லையில் அவர் எண்ணப்படுவார், தங்குமிடக் கணக்கில் வரமாட்டார். இந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலான இடைவெளியை விளக்காத யாழ்ப்பாண அறிக்கை எதுவும் முழுமையானதல்ல.

7. உறுப்புரைக்கு உறுப்புரை அட்டவணை

இதுதான் முதுகெலும்பு. ஒரு சட்டத்துக்கு ஒரு தாள். நிரல்கள்: ஒன்றிய உறுப்புரை, அது கேட்பது என்ன, நமது சட்டப்பிரிவு, பொருந்தும் அளவு, இடைவெளி, பொறுப்பான நிறுவனம். சட்டத்தின் தலைப்பைப் பார்த்து "பொருந்துகிறது" போடாதீர்கள். ஒரு வரியில் ஒரு கடமை மட்டும் வர வேண்டும்.

பொதிப் பயணப் பணிப்புரையை எடுத்துக் காட்டுகிறேன்.

முதலில் எல்லையை எழுதுங்கள். ஒரே பயணத்துக்காக இரண்டு வேறு வகைச் சேவைகள் சேர்ந்தால் பொதி. 24 மணிக்குக் குறைவாகவும் இரவுத் தங்கல் இல்லாமலும் இருந்தால் வெளியே. எப்போதாவது, இலாபம் இல்லாமல், வரையறுத்த ஒரு குழுவுக்கு மட்டும் செய்வதும் வெளியே. ஊர்ச் சங்கம் எப்போதாவது கதிர்காமத்துக்கு பஸ்ஸும் தங்குமிடமும் பிடிப்பது இதில் வராது. அதே சங்கம் மாதாமாதம் ஆள் சேர்த்து இலாபத்துக்குச் செய்தால் வரும்.

பிறகு விலை. ஒப்பந்தத்தில் இடம் வைத்திருந்தால் மட்டுமே கூட்டலாம். எரிபொருள், வரி, நாணயமாற்று ஆகிய காரணங்களுக்கே கூட்டலாம். புறப்படுவதற்கு 20 நாளுக்குப் பிந்தி அறிவிக்க முடியாது. 8 சதவீதத்தைத் தாண்டினால் பயணி கட்டணமின்றி விலகலாம். இவை நான்கு தனிக் கடமைகள், ஆக நான்கு வரிகள். 2022இல் டொலரும் டீசலும் ஏறிய வேகத்தை நினைத்துப் பாருங்கள். அந்த 8 சதவீத எல்லை இங்குள்ள சிறு ஏற்பாட்டாளருக்கு என்ன செய்திருக்கும் என்பதை இடைவெளி நிரலில் எழுத வேண்டும்.

பணம் திருப்பிக் கொடுக்க 14 நாள். ஏற்பாட்டாளர் முறிந்து போனால் பயணியின் பணத்துக்குக் காப்பு வேண்டும். ஒப்பந்தத்தில் சேர்ந்த எல்லாச் சேவைக்கும், வேறொருவர் செய்தாலும், ஏற்பாட்டாளரே பொறுப்பு.

இங்கே இரண்டு கவனம். ஒன்று, 4ஆம் உறுப்புரைப்படி, பணிப்புரை வேறுவிதமாகச் சொன்னாலன்றி, நாடு இதைவிடக் கடுமையாகவும் எழுத முடியாது, தளர்வாகவும் எழுத முடியாது. "நாம் 5 சதவீதம் வைத்து இன்னும் நல்ல பாதுகாப்புக் கொடுப்போம்" என்று பரிந்துரைத்தால் அது பொருத்தமின்மை. இரண்டு, 20ஆம் உறுப்புரை. ஏற்பாட்டாளர் ஐரோப்பிய பொருளாதார வலயத்துக்கு வெளியே இருந்தால் அங்கே விற்கும் முகவர் அந்தக் கடமைகளைச் சுமக்க வேண்டும், ஏற்பாட்டாளர் தானே நிறைவேற்றுகிறார் என்று காட்டினால் தவிர. அதனால்தான் அங்குள்ள முகவர்கள் இங்குள்ளவர்களிடம் நீண்ட நிபந்தனைத் தாள்களில் கையெழுத்துக் கேட்கிறார்கள். கொள்கை மாறாமலேயே சட்டம் இங்கே வந்து சேரும் வழி அது.

8. யார் செய்வார்கள் என்று எழுதாமல் நகராதீர்கள்

சட்ட வாசகத்தைப் பார்த்து எழுதுவது சுலபம். அதை நடத்தும் கை எது? குளியல்நீரை எடுங்கள். ஒரு பருவத்தில் குறைந்தது நான்கு மாதிரிகள், அவற்றில் ஒன்று பருவம் தொடங்குமுன். ஈ.கோலை, குடல் எண்டெரோகொக்கை என்ற இரண்டு வகை பக்டீரியாக்களையும் அளக்க வேண்டும். நான்கு பருவத் தரவை வைத்தே தரம் சொல்லப்படும். கடல்நீருக்கு மிகச் சிறந்த தரம் வேண்டுமானால் 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை 250ஐத் தாண்டக் கூடாது.

கசூரினாவில் மாதிரி எடுப்பது யார்? எந்த ஆய்வுகூடம்? பருவம் எது? வடகீழ் பருவமழைக் காலத்தில் சனம் குளிக்க வராது, ஆக பருவத்தை நாமே வரையறுக்க வேண்டும். இந்த விடைகள் இல்லாத வரிக்கு "சட்டம் தேவை" என்று மட்டும் எழுதுவது அரைவேலை.

தொழில்தகைமையிலும் அப்படித்தான். ஆசியானோடு ஒப்பிடச் சொன்னால் 2012இன் சுற்றுலாத் தொழிலாளர் பரஸ்பர அங்கீகார ஏற்பாட்டை எடுங்கள். ஆறு பிரிவுகளில் 32 வேலைப் பெயர்கள். சமையல், அறைப் பராமரிப்பு, வரவேற்பு எல்லாம் உண்டு. சுற்றுலா வழிகாட்டி இல்லை. நமது ஏழு மட்டத் தேசிய தொழில்தகைமையோடு அந்த 32ஐயும் பொருத்தலாம், நமது வழிகாட்டி அனுமதிப்பத்திரத்தைப் பொருத்த அங்கே இடமில்லை.

9. வரைவை வேலை செய்பவர்களிடம் காட்டுங்கள்

அறிக்கை முடிந்தபின் அல்ல, அட்டவணை பாதியில் இருக்கும்போதே. எங்கள் தாளில் "வாகனமும் வழிகாட்டியும்" என்று இரண்டு சேவையாக எழுதியிருந்தோம். பயண ஏற்பாடு செய்கிற ஒரு அண்ணை பார்த்துவிட்டு, "தம்பி, இஞ்ச சாரதிதான் வழிகாட்டி, ஒரே ஆள், ஒரே காசு" என்றார். இரண்டு வகைச் சேவையா ஒன்றா என்பதில்தான் பொதியா இல்லையா என்பது தங்கியிருக்கிறது. ஒரு முழுத் தாளைத் திரும்ப எழுதினோம்.

சட்ட மொழியில் கேட்காதீர்கள். "பயணி வராமல் விட்டால் காசு திருப்பிக் குடுப்பீங்களா, எத்தனை நாளில்?" என்று கேளுங்கள்.

10. எதை முதலில் செய்வது

அதிக காலம் எடுப்பதை முதலில் தொடங்குங்கள். நீர் மாதிரிக்கு நான்கு பருவம் வேண்டும், புள்ளிவிபரத்துக்கும் சில ஆண்டுத் தொடர் வேண்டும். இவை இரண்டையும் பாராளுமன்றத்துக்குப் போகாமலே தொடங்கலாம். அடுத்து வர்த்தமானி ஒழுங்குவிதியால் முடிகிறவை. சட்டத் திருத்தம் கடைசியில். வழக்கமான அறிக்கைகள் இதைத் தலைகீழாக வைத்து, சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுகின்றன.

ஒவ்வொரு தாளின் தலையிலும் நீங்கள் படித்த வாசகத்தின் திகதியை எழுதுங்கள். 2024/1028 ஒழுங்குவிதி நடைமுறைக்கு வரும் நாள் 2026 மே 20. சான்றில்லாமல் "சுற்றாடலுக்கு உகந்தது" என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 2024/825 பணிப்புரைக்கு 2026 செப்டெம்பர் 27. பொதிப் பயணப் பணிப்புரைக்கு 2023 நவம்பரில் திருத்த முன்மொழிவு வைக்கப்பட்டது, ஆகவே மேலே நான் சொன்ன உறுப்புரைகளைத் தொடங்கும் நாளில் திரும்பப் பாருங்கள். யூர்-லெக்ஸில் திருத்தங்கள் சேர்த்த வாசகத்தின் செலெக்ஸ் இலக்கம் 0இல் தொடங்கும், முதலில் வெளியான வாசகம் 3இல் தொடங்கும். 0இல் தொடங்குவதைத் தரவிறக்கி, திகதியோடு பெயரிட்டு, அட்டவணை இருக்கும் கோப்புறையிலேயே வையுங்கள்.